பாறை ஏற எந்த பேன்ட்? ஐந்தை உடுத்தித் தேய்த்த பிறகு ஒரு மதிப்புரை

இடுப்பு உயரத்தில் இருக்கும் ஒரு மிதியில் வலது காலைத் தூக்கி வைத்து, உடல் எடை முழுவதையும் அந்தக் காலுக்கு மாற்றிக்கொண்டு எழுகிற நொடியில்தான் ஒரு பேன்ட் பாறை ஏறுவதற்கு ஆகுமா, ஆகாதா என்பது தெரிய வருகிறது. நடக்கும்போதும் கடைக் கண்ணாடியின் முன்னால் நிற்கும்போதும் ஏறத்தாழ எல்லா பேன்ட்டுமே வசதியாகத்தான் இருக்கின்றன. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, என்னுடைய நான்காவதோ ஐந்தாவதோ ஏற்றத்தில், சரியாக அந்த நொடியில் என் ஜீன்ஸ் பிளந்தது. கீழே கயிறு பிடித்திருந்த நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கயிற்றை மட்டும் விடாமல் இறுக்கினார். மீதித் தடத்தை நான் கால்களை ஒடுக்கிக்கொண்டு ஒருவாறு ஏறி முடித்தேன். அந்த ஜீன்ஸையும் சேர்த்து இதுவரை ஐந்து விதமான பேன்ட்டுகளைப் பாறையிலும் உள்ளரங்கச் சுவரிலும் உடுத்தித் தேய்த்திருக்கிறேன். அவற்றில் மிக மலிவானதற்கும் மிக விலையுயர்ந்ததற்கும் இடையே ஏழு மடங்கு வித்தியாசம் இருந்தது. வசதியோ அந்த விலை வரிசையைச் சற்றும் மதிக்கவில்லை.

முதலில் அந்த ஜீன்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் அதை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். துணி எங்கும் கிழிந்திருக்கவில்லை. முன்பக்கத் துண்டுகள் இரண்டும் பின்பக்கத் துண்டுகள் இரண்டும் கூடுகிற கவட்டுப் புள்ளியில் நூல் அறுந்து, அங்கிருந்து பின்தையல் ஒரு சாண் நீளத்துக்கு ஒவ்வொரு ஊசித் துளையாக விட்டுக்கொண்டே போயிருந்தது. உறுதிக்குப் பெயர்போன துணிதான் அது. 1873-இல் லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரும் செம்பு ரிவெட் ஆணி அடித்த வேலைக்காரர்களின் பேன்ட்டுக்குக் காப்புரிமை பெற்றபோது, அவர்கள் தீர்க்க விரும்பிய சிக்கல் பைகளின் மூலைகள் பிய்ந்துபோவது. சுரங்கத்திலும் பண்ணையிலும் வேலை செய்பவரின் பேன்ட்டில் பைதான் முதலில் போகும். பாறை ஏறுபவருக்குப் பையில் சுமை எதுவும் இல்லை. இழுவிசை முழுவதும் கவட்டில் வந்து குவிகிறது. ஜீன்ஸ் எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் அந்தத் தடிமன் தேவையற்ற இடத்தில்தான் இருக்கிறது என்பது எனக்கு அன்று புரிந்தது. போதாக்குறைக்கு, நான்கு தையல்களும் மடிந்து கூடும் இடத்தில் ஒரு சிறு கூழாங்கல் அளவுக்குத் துணி முடிச்சு விழுந்திருக்கும். கயிற்றைக் கட்டுவதற்காக இடுப்பிலும் தொடைகளிலும் மாட்டிக்கொள்ளும் பட்டைக் கவசமான ஹார்னஸில் தொங்கும்போது அது எங்கே அழுத்தும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இந்தச் சிக்கலுக்கான விடை புதியதன்று. கவட்டில் நான்கு தையல்களையும் ஒரே புள்ளியில் கூடவிடாமல், இடையே சாய்சதுர வடிவில் ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைத்துவிட்டால், ஒரு புள்ளியில் விழும் இழுவிசை நான்கு ஓரங்களுக்கும் பிரிந்துபோகிறது. அத்துடன், காலை அகட்டும்போது தேவைப்படும் கூடுதல் துணியும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. கசெட் என்று குறிப்பிடப்படும் இந்தத் துண்டு கராத்தே, ஜூடோ பயிற்சியாளர்களின் பேன்ட்டுகளில் வெகுகாலமாகவே இருந்து வருகிறது. பாறையேற்ற உடைக்கு அதை அடையாளமாகவே ஆக்கியவர் மைக் கிரஹாம். 1970-களில் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஏறிக்கொண்டிருந்த இளைஞர் கூட்டத்தில் ஒருவரான அவர், 1982-இல் தொடங்கிய கிராமிச்சி நிறுவனத்தின் பேன்ட்டுகளில் இரண்டு அம்சங்களை நிலைநிறுத்தினார்: கவட்டில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு கையால் இறுக்கித் தளர்த்தக்கூடிய நாடாப் பட்டை. அதற்கு முன்பு அந்தப் பள்ளத்தாக்கில் ஏறியவர்கள் பலரும் சுவருக்குச் சாயம் பூசுபவர்கள் அணியும் வெள்ளைப் பருத்தி பேன்ட்டில்தான் ஏறினார்கள் என்பதைப் பழைய புகைப்படங்களில் காணலாம். இன்று எந்த விலையில் வரும் ஏற்ற பேன்ட்டை எடுத்துப் புரட்டினாலும், நல்லதென்றால் அந்த இரண்டு அம்சங்களில் முதலாவதாவது அதில் இருக்கும்.

ஜீன்ஸ் கிழிந்த அனுபவத்திலிருந்து நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் தவறான பாடம். இறுக்கமாக இருந்ததால்தான் கிழிந்தது என்று எண்ணி, அடுத்ததாக ஓட்டப் பயிற்சிக்கான பாலியஸ்டர் ட்ராக் பேன்ட் ஒன்றை என் அளவைவிட ஓர் அளவு பெரிதாக வாங்கினேன். ஐந்தில் மிக மலிவானது இதுதான். தளர்ந்திருந்தால் கால் தாராளமாக உயரும் என்று எவரும் நினைப்பது இயல்பே. ஆனால் நடந்தது நேர்மாறானது. அளவு பெரிதானபோது கவட்டும் நான்கு விரல் கீழே இறங்கிவிட்டது. இரு தொடைகளையும் ஒரு பட்டையால் சேர்த்துக் கட்டியதுபோல, காலைத் தூக்கும்போதெல்லாம் மறுகாலின் துணியும் சேர்ந்து இழுபட்டது. சட்டையின் அக்குள் தாழ்ந்திருந்தால் கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலே ஏறுமே, அதே கணக்குத்தான். கவட்டு உடலோடு ஒட்டி உயர்ந்திருக்கும் பேன்ட்டில் கால் அதிகம் உயரும்; தாழ்ந்த கவட்டு வேண்டுமென்றால் அங்கே கசெட் மிக அகலமாக இருந்தாக வேண்டும். கடைக்காரர் எவரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த ட்ராக் பேன்ட்டின் வேறு குறைகளையும் சொல்ல வேண்டும். அதன் மிகுதித் துணி ஹார்னஸின் தொடைப் பட்டைகளுக்கு அடியில் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, அரைமணி நேரம் தொங்கினால் தொடையில் வரிவரியாகத் தடம் பதித்தது. கீழ் விளிம்பு காலணியின் மேல் வழிந்து, கால்விரல் எந்தச் சிறு விளிம்பில் நிற்கிறது என்பதைப் பார்க்க முடியாமல் மறைத்தது. ஏறுபவருக்குத் தன் கால்விரல் தெரியாமல் போவது சிறிய சங்கடமன்று. கண்ணால் பார்த்து வைக்காத கால் வழுக்கும். கருங்கல்லில் உரசியபோது பின்னல் நூல் இழை இழையாக வெளியே வந்தது. அதற்கு நியாயமாகச் சேர வேண்டிய பாராட்டும் உண்டு. பாலியஸ்டர் நீரை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை என்பதால் வியர்வையில் நனைந்தாலும் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். வழக்கமான காற்று ஈரத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத நீரைத் தன்னுள் வைத்திருக்கும். நைலான் சுமார் 4 சதவீதம். பாலியஸ்டர் அரை சதவீதத்துக்கும் குறைவு. வியர்வை நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில் மட்டும் பாலியஸ்டரை எதுவும் மிஞ்சாது. பையில் மறந்து வைத்துவிட்டு மறுநாள் திறந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மூன்றாவது, இழுத்தால் நீளும் துணியில் தைத்த, உடலோடு ஒட்டும் டைட்ஸ். ஆறு ஆண்டுகளில் கால் அசைவைச் சற்றும் தடுக்காத உடை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 1958-இல் டுபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கி, பின்னர் லைக்ரா என்ற பெயரில் சந்தைக்கு வந்த எலாஸ்டேன் இழை, தன் நீளத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நீண்டும் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியது. 1980-களில் பாறை ஏறியவர்கள் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் லைக்ரா டைட்ஸ் அணிந்து திரிந்ததை இன்றைய தலைமுறை கேலி செய்கிறது. கேலி செய்பவர்கள் ஒருமுறை அதை அணிந்து ஏறிப் பார்த்தால் நிறத்தை மட்டும்தான் கேலி செய்வார்கள். உள்ளரங்கச் சுவரில் மட்டும் ஏறுபவருக்கு, யோகாவுக்கென்று விற்கப்படும் சற்றுத் தடித்த டைட்ஸே போதும். அதற்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை. வெளியே இயற்கைப் பாறைக்குப் போனால் கதை மாறுகிறது. கரடுமுரடான கருங்கல்லில் முழங்காலை ஒருமுறை அழுத்தி எழுந்ததிலேயே என் டைட்ஸில் நாணய அளவுக்கு ஓட்டை விழுந்தது. அடுத்த வாரம் அது உள்ளங்கை அளவாகிவிட்டது. பாறைக்குப் போகும் வழியில் முட்புதரைக் கடக்கும்போதும் அது எதையும் தடுப்பதில்லை. பை கிடையாது. குளிர் நாளில் தொடை விறைக்கும்.

நான்காவது பேன்ட்டில்தான் எனக்கு மனக்குறை அதிகம். பாறையேற்றத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். விலையும் அதற்கேற்பவே இருந்தது. 98 சதவீதம் பருத்தி, 2 சதவீதம் எலாஸ்டேன், ஒடுங்கிய வெட்டு, முழங்காலில் அழகான மடிப்புத் தையல். கையில் எடுத்து இழுத்தபோது துணி நன்றாகவே நீண்டது. அதைக் கண்டு மயங்கித்தான் வாங்கினேன். நான் இழுத்துப் பார்த்தது குறுக்குவாட்டில். இவ்வகைத் துணிகள் பெரும்பாலானவற்றில் எலாஸ்டேன் குறுக்கே ஓடும் ஊடை நூலில் மட்டும்தான் சேர்க்கப்படுகிறது. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் வெறும் பருத்தி. ஆகவே துணி தொடையைச் சுற்றி விரியும், கால் நீளத்தில் விரியாது. முழங்காலை மடக்கிக் காலை இடுப்புக்கு உயர்த்தும்போது உடலுக்குத் துணி கூடுதலாக வேண்டியதோ நீளவாட்டில்தான்: பிட்டத்தின் மேலும் முழங்காலின் மேலும் தோல் எந்தத் திசையில் இழுபடுகிறது என்பதை ஒருமுறை குந்தி உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். அந்த பேன்ட்டில் நான் ஒவ்வொரு முறை உயரமான மிதியை எட்டும்போதும் பின்பக்க இடுப்புப் பட்டை கீழே இறங்கியது. ஹார்னஸின் இடுப்புப் பட்டை அதை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டால் முழங்கால் மேலே போக மறுத்தது.

அதன் கவட்டில் சாய்சதுரத் துண்டு இருக்கவே இல்லை என்பதை நான் கவனித்தது ஏழாவது மாதத்தில், முதல் ஜீன்ஸ் விட்ட அதே இடத்தில் இதுவும் தையல் விட்ட பிறகு. நிறுவனத்துக்குப் புகைப்படத்தோடு எழுதினேன். பயன்பாட்டினால் ஏற்படும் தேய்மானம் உத்தரவாதத்தில் அடங்காது என்று மிகுந்த மரியாதையுடன் பதில் வந்தது. பாறை ஏறுவதற்கென்று விற்ற பேன்ட்டைப் பாறை ஏறுவதற்குப் பயன்படுத்தியது எப்படி என் தவறாயிற்று என்று மறுபடி எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு நான் அதன்பிறகு எந்த மதிப்பும் கொடுப்பதில்லை. புரட்டிப் பார்க்கிறேன்.

ஐந்தாவது பேன்ட் ஏற்ற உடைகளின் அடுக்கில் இல்லவே இல்லை. நடைப்பயணத்துக்கான உடைகளுக்கு நடுவே கிடந்தது. விலை நான்காவதில் பாதிகூட இல்லை. பெரும்பகுதி நைலான், சிறிதளவு எலாஸ்டேன், நீளத்திலும் குறுக்கிலும் இழுபடும் நெசவு. உள்ளே புரட்டியபோது என் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய சாய்சதுரத் துண்டு, ஒவ்வோர் ஓரத்திலும் இரட்டைத் தையலோடு, முனைகளில் நெருக்கமான குறுக்குத் தையலும் போட்டு வைத்திருந்தார்கள். முழங்காலில் இரண்டு சிறு மடிப்புகள் வைத்துத் தைத்திருந்ததால், மேசையில் விரித்தபோது கால் நேராகக் கிடக்காமல் சற்று மடங்கியே கிடந்தது. நின்றால் முழங்காலுக்கு முன்னால் கொஞ்சம் தொளதொளப்பாகத் தெரியும். ஆனால் ஏறும்போது யாரும் நேராக நிற்பதில்லை. இடுப்பில் பொத்தானும் உள்நாடாவும் இருந்தன. கீழ் விளிம்பில் ஒரு நாடாவை இழுத்தால் கணுக்காலோடு சுருங்கிக்கொள்ளும். நான்கு ஆண்டுகளாக வாரம் இரண்டு முறையாவது அதில் ஏறுகிறேன். கவட்டில் ஒரு நூல்கூட விடவில்லை.

அதிலும் குறை உண்டு. நடக்கும்போது தொடைகள் உரசிச் சரசரவென்று சத்தம் கேட்கும். அமைதியான இடத்தில் அது எனக்கே எரிச்சலூட்டும். சாய்ந்த பாறையில் சற்று உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம் என்று நினைத்தால் நைலான் வழுக்கிக்கொண்டு போகிறது. வெயில் உச்சியில் இருக்கும்போது பருத்தியின் இதம் அதில் இல்லை. தீப்பொறி பட்டால் பருத்தி கருகும், நைலான் உருகித் துளையாகும். முகாமில் நெருப்புக்கு அருகே உட்கார்ந்த ஒரு மாலையின் நினைவாக என் இடது தொடையில் மூன்று துளைகள் இருக்கின்றன. நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: கையில் பூசும் சாக்பொடியைத் தொடையில் துடைக்கும் பழக்கம் எவருக்கும் போவதில்லை, கறுப்புத் துணியில் வெள்ளைக் கைத்தடம் பதிந்தே கிடக்கும், சாம்பலும் மண்நிறமும் அதை மறைத்துவிடும்.

ஹார்னஸைப் போட்ட பிறகு பேன்ட் எப்படி நடந்துகொள்கிறது என்பது தனி விஷயம்; இதைக் கடையில் எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஹார்னஸின் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். பேன்ட்டின் பொத்தான், பெல்ட் கொக்கி, தடித்த பெல்ட் வளையங்கள் எல்லாம் அந்தப் பட்டைக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டால், ஒருமுறை விழுந்து கயிற்றில் தொங்கியதும் வயிற்றில் அச்சு விழும். எனவே தட்டையான எலாஸ்டிக் பட்டையும் நாடாவும் உள்ளதே நல்லது. பெல்ட் அணிந்தே ஆக வேண்டும் என்றால், உலோகக் கொக்கி இல்லாத துணிப் பட்டை. இடுப்பு தாழ்ந்த வெட்டில் பின்பட்டை ஹார்னஸுக்குக் கீழே நழுவி, முதுகின் அடிப்பகுதி வெறுமையாகப் பாறையில் உரசும். என்னோடு ஏறும் தோழி பெண்களுக்கான பேன்ட்டுகளில் இது பெருங்குறை என்பார். அவர் இப்போது பட்டை உயர்ந்த வெட்டை மட்டுமே வாங்குகிறார். சாதாரணப் பக்கப் பைகள் ஹார்னஸ் போட்டதும் பாதி மூடிப்போய்ப் பயனற்றவை ஆகின்றன. தொடையில் ஜிப் வைத்த ஒரு பை இருந்தால் போதும். அதிலும் சாவியை வைத்துக்கொண்டு சுவரில் மோதினால் வலிக்கும்.

கால் விளிம்பைப் பொறுத்தவரை, விரிசலுக்குள் பாதத்தைச் செருகித் திருகி ஏறும் பாறைகளுக்குப் போகிறவர்கள் கணுக்காலை மூடும் நீளத்தை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கணுக்கால் எலும்பில் தோல் நிற்காது. மற்றவர்களுக்குக் கணுக்காலுக்கு மேல் நிற்கும் முக்கால் நீளம் வசதி. அரைக்கால் சட்டையில் ஏறலாமா என்று கேட்பவர்களுக்கு: உள்ளரங்கில் தாராளமாக ஏறலாம். வெளியே, ஹார்னஸின் தொடைப் பட்டை வெறும் தோலில் அறுப்பதை ஒருமுறை அனுபவித்த பின் நீங்களே முழு நீளத்துக்கு வந்துவிடுவீர்கள்.

கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு நான் மிகவும் விரும்பிச் சொல்லக்கூடிய வழி வேறொன்று. கிழிந்த நான்காவது பேன்ட்டை எறிய மனம் வராமல் ஒரு தையற்காரரிடம் எடுத்துச் சென்றேன். பிரிந்த தையலை மட்டும் மூட்டித் தருவதாகச் சொன்னவரிடம், அது மறுபடியும் விடும் என்பதைச் சொல்லி விளக்க முடியாமல், அவருடைய வெட்டுமேசையின் விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிறிது நேரம் பார்த்தார். பிறகு சாக்கட்டியால் உள்தொடைத் தையலின் இரு பக்கமும் அடையாளமிட்டு, கவட்டிலிருந்து ஒவ்வொரு தொடைப் பக்கமும் பத்து சென்டிமீட்டர் அளவுக்கும், முன்னும் பின்னும் அதில் பாதிக்கும் குறைவாகவும் தையலைப் பிரித்தார். துண்டுக்கு வேறு துணி தேடவில்லை. பேன்ட்டின் இரு கால்களையும் கீழே பன்னிரண்டு சென்டிமீட்டர் குறைத்து, வெட்டிய பட்டைகளில் ஒன்றிலிருந்து மேல்துணியும் மற்றொன்றிலிருந்து உள்துணியும் எடுத்து, இருபது சென்டிமீட்டர் நீளமும் ஒன்பது சென்டிமீட்டர் அகலமும் உள்ள சாய்சதுரத்தை இரட்டையாக வைத்துத் தைத்தார். சாய்சதுரத்தின் நீண்ட அச்சு தொடையிலிருந்து தொடைக்குப் போக வேண்டும் என்பதை நான் சொல்லும் முன்பே அவர் சரியாக வைத்திருந்தார். துண்டின் ஊடை நூல் அந்த நீண்ட அச்சோடு ஓடும்படி பார்த்துக்கொண்டதால், துணியின் சிறிதளவு நீட்சியும் வேண்டிய திசையிலேயே கிடைத்தது.

அந்தச் செலவு புதிய பேன்ட் விலையில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். அதன்பிறகு அது இரண்டரை ஆண்டுகளாக உழைத்துக்கொண்டிருக்கிறது, முன்பு எட்டாத மிதிகளும் அதில் எட்டுகின்றன. ஆகையால் பழைய துணிக் கடையிலோ வீட்டு அலமாரியிலோ கிடக்கும் ஒரு நடுத்தரத் தடிமன் பருத்தி பேன்ட்டையும் இப்படி ஏற்ற பேன்ட்டாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பிட்டத்தில் ஏற்கெனவே இழைந்துபோன துணியில் இதைச் செய்தால் துண்டு நிற்கும், சுற்றியுள்ள துணி போய்விடும். ஏற்கெனவே இறுக்கமான பேன்ட்டில் செய்தாலும் பயனில்லை; கவட்டு விடுதலை பெற்றாலும் தொடை பிடித்துக்கொள்ளும். நான்காவது பேன்ட் பிட்டத்தில் இறங்கும் குறை இன்னும் ஓரளவு அப்படியே இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது.

புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் செய்ய வேண்டியதற்கு ஐந்து நிமிடம் போதும். விலைச்சீட்டைப் பார்க்கும் முன் பேன்ட்டைப் புரட்டிக் கவட்டைப் பாருங்கள். தையல்கள் ஒரே புள்ளியில் சிலுவைபோல் கூடினால், துணி மிக நன்றாக நீளும் வகையாக இருந்தாலன்றி, திருப்பி வைத்துவிடலாம். பிறகு துணியைக் கால் நீளவாட்டில் இழுத்துப் பாருங்கள், குறுக்கே இழுப்பதில் ஏமாற வாய்ப்புண்டு. உடை மாற்றும் அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, இருக்கை இருந்தால் அதன்மேல், இல்லாவிட்டால் சுவரில் இடுப்பு உயரத்தில், ஒரு பாதத்தை வைத்து மறுகாலால் எழும்புவதுபோல் செய்யுங்கள். அடுத்து, இரு முழங்காலையும் பக்கவாட்டில் அகட்டி, சுவரோடு வயிறு ஒட்ட, தவளைபோல் தாழ்ந்து உட்காருங்கள்; சுவருக்கு அருகே இடுப்பைக் கொண்டுவரும் இந்த நிலையில்தான் உள்தொடைத் தையல் தன் உண்மையான குணத்தைக் காட்டும். எங்கேயாவது துணி தோலை முந்திக்கொண்டு இறுகினால் அந்த இடத்தில்தான் அது ஒருநாள் விடப்போகிறது. நேரே நின்று தலையை மட்டும் குனிந்தால் கால்விரல் தெரிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அந்தக் கடையிலேயே ஹார்னஸ் விற்கிறார்கள் என்றால் ஒன்றைக் கேட்டெடுத்து மேலே மாட்டிப் பார்க்கத் தயங்க வேண்டாம். எந்தக் கடையிலும் என்னை இதுவரை தடுத்ததில்லை, விநோதமாகப் பார்த்ததுண்டு.

துவைப்பதில் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். எலாஸ்டேனுக்குச் சூடும் குளோரின் சார்ந்த வெளுப்பானும் எதிரிகள். சூடான உலர்த்தி இயந்திரத்தில் போட்டுப் போட்டு எடுத்த பேன்ட் முழங்காலில் பை கட்டிக்கொண்டு திரும்பவே திரும்பாது. குளிர்ந்த நீரில் அலசி நிழலில் காயவைத்தால் ஆண்டுகள் கூடும்.

ஐந்தாவது பேன்ட்டின் இன்றைய நிலை இது: வலது முழங்காலில் துணி விளக்கொளியில் பார்த்தால் ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்டது, தையற்காரர் உள்ளிருந்து ஒரு ஒட்டுத் துணி வைத்துக் கொடுத்திருக்கிறார். இடுப்பு நாடா போன மாதம் அறுந்தது. பழைய ஏறுகாலணியிலிருந்து கழற்றிய தட்டை நாடா ஒன்றை ஊக்கு ஊசியில் மாட்டிப் பட்டைக்குள் கோத்தேன். ஹார்னஸுக்கு அடியில் அது முந்தைய உருண்டை நாடாவைவிட நன்றாகவே படிந்து கிடக்கிறது.